காண்டலும் கருதலும்: ஓசோன் படையின் கதை

அறிவைப் பெறும் வழிகளுள் காண்டல், கருதல் என்னும் இரண்டையும் அளவை நூலார் முதன்மையாக வைத்தனர். கண்ணாற் காண்பது காண்டல். மலைமேற் புகையைக் கண்டு, ஆங்கே தீ உண்டெனத் துணிவது கருதல். புகைக்கும் தீக்கும் உள்ள உறவு ஒவ்வொருவரும் அடுப்படியில் அறிந்ததாகையால் அக்கருதலில் ஐயம் எழுவதில்லை. ஆயின், புகையும் தீயும் ஆகிய இரண்டுமே கண்ணுக்குப் புலனாகாதவையாய், மலையும் தரையிலிருந்து இருபது கிலோமீற்றர் உயரத்தில் இருக்குமாயின் யாது செய்வது? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரசாயன அறிஞர்களை எதிர்கொண்ட வினா இத்தகையதே. ஓசோன் படை தேய்ந்து வருவதைக் கருவிகள் காட்டின. அதனைத் தேய்ப்பது யாது, எவ்வாறு தேய்க்கின்றது என்பதைத் துணிவதற்கோ, எவரும் கண்டிராத ஒரு மூலக்கூறின் உருவத்தைக் கணக்கினாற் காணவேண்டியதாயிற்று. அக்கணக்கைச் செய்யும் கலை குவாண்டம் இரசாயனம் எனப்படும்.

ஓசோன் என்பது புதுமையான பொருளன்று. உயிர்கள் சுவாசிக்கும் ஒட்சிசன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உண்டு. மூன்று அணுக்கள் கூடின் அது ஓசோன். மின்பொறியின் அருகே எழும் ஒருவகை மணத்தைக் கொண்டு, சுவிற்சலாந்தின் பாசல் நகரில் ஷோன்பைன் என்பார் 1839 ஆம் ஆண்டில் இதனை வேறுபடுத்தி அறிந்தார். மணத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லாலேயே அதற்குப் பெயருமிட்டார். வளிமண்டலத்தின் ஓசோனிற் பெரும்பகுதி, படைமண்டலம் எனப்படும் உயர்ந்த பகுதியிற் பரந்து கிடக்கின்றது. அவ்வளவையும் திரட்டித் தரைமட்டத்திற்குக் கொணர்ந்து விரித்தால், அதன் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் மட்டுமே. ஞாயிற்றிலிருந்து வரும் கழியூதாக் கதிர்களுட் கொடியவற்றைத் தடுத்து, தோலையும் கண்ணையும் பயிரையும் காப்பது இந்த மெல்லிய போர்வையே. ஒட்சிசனை ஒளி பிளப்பதும், பிளந்த அணு வேறோர் ஒட்சிசனுடன் கூடி ஓசோனாவதும், அவ்வோசோன் மீண்டும் அழிவதுமாகிய சுழற்சியைச் சிட்னி சப்மன் 1930 இல் விளக்கினார். ஆக்கமும் அழிவும் ஒத்து நடக்குமளவும் போர்வை குறைவதில்லை.

அதே 1930 ஆம் ஆண்டில், அமெரிக்க இரசாயனக் கழகத்தின் கூட்டமொன்றிலே தோமஸ் மிட்ஜ்லி என்பார் ஒரு புதிய வாயுவைத் தம் நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுதிரியின்மேல் ஊதி அதனை அணைத்துக் காட்டினார். நஞ்சன்று, தீப்பற்றுவதுமன்று என்பதை அவையோர்க்கு உணர்த்த வேறென்ன வேண்டும்? அக்காலத்துக் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்தவை அமோனியா, கந்தகவீரொட்சைட்டு முதலிய கொடிய வாயுக்கள். அவை கசிந்து உயிர்கள் மாய்ந்ததுண்டு. அவற்றிற்கு மாற்றாக வந்தவையே குளோரோபுளோரோகாபன்கள். மிட்ஜ்லியைப் பழிப்பவர் பலர். பெற்றோலில் ஈயத்தைக் கலந்தவரும் அவரே ஆதலின் அப்பழிக்கு இடமுண்டு. எனினும், இந்த வாயுவைப் பொறுத்தவரை அவர் தேடியது மக்களின் பாதுகாப்பையே என்பதை மறுத்தல் நியாயமாகாது. எதனோடும் கூடாத இயல்புதான் அந்த வாயுவின் சிறப்பு. அதன் தீங்கும் அவ்வியல்பிலிருந்தே பிறந்தது.

எதனோடும் கூடாத பொருள், வெளியே விடப்பட்டபின் எங்கே போகும்? 1971 இல் ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் லவ்லொக், தாமே அமைத்த நுண்ணிய கருவியைக் கப்பலில் ஏற்றி அந்தாட்டிக்கா நோக்கிச் சென்றார். ஆலைகளே இல்லாத தென்கடலின் காற்றிலும் அந்த வாயு இருப்பதை அவர் அளந்தார். இச்செய்தியைக் கேள்வியுற்ற ஷெர்வுட் றோலண்ட், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் பிரிவில் இரசாயனப் பேராசிரியர். அவரிடம் 1973 இல் ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தவர் மெக்சிக்கோ நாட்டு இளைஞரான மரியோ மொலினா. இருவரும் அவ்வாயுவின் முடிவைத் தேடினர். மழை அதனைக் கரைப்பதில்லை, மண் உண்பதில்லை, கீழ்க்காற்றில் எதுவும் அதனை உடைப்பதில்லை. ஆண்டுகள் பல அலைந்து படைமண்டலத்தை எய்தியபின், அங்குள்ள கழியூதாக் கதிரே அதனைப் பிளந்து குளோரீன் அணுவை விடுவிக்கும் என்று அவர்கள் கண்டனர்.

விடுபட்ட குளோரீன் அணு ஓசோனிலிருந்து ஓர் ஒட்சிசன் அணுவைப் பறித்துக் குளோரீனோரொட்சைட்டு ஆகின்றது. அந்த ஒட்சைட்டு ஒரு தனி ஒட்சிசன் அணுவைச் சந்திப்பின், இரண்டு ஒட்சிசனும் தம்முட் கூடிப் பிரிய, குளோரீன் மீண்டும் தனித்து நிற்கும். சந்தையிலே விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நின்று, தன் கைப்பொருளில் ஒரு சதமும் இழவாது அடுத்த பேரத்திற்குப் போகும் தரகனை ஒத்தது அது. இவ்வாறு ஓரணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிட வல்லது. 1974 ஜூனில் 'நேச்சர்' இதழில் இக்கருத்து வெளிவந்தது. உற்பத்தியாளர் சான்று கேட்டனர், கேட்டதில் வியப்பில்லை. ஐக்கிய அமெரிக்கா 1978 இல் தெளிகுப்பிகளில் இவ்வாயுவைப் பெரும்பாலும் தடுத்தது. பின்னர் சில ஆண்டுகள் இவ்விடயம் சற்று மறக்கப்பட்டதெனலாம்.

மறதியைக் கலைத்தது அந்தாட்டிக்கா. ஹலி குடாவிலுள்ள பிரித்தானிய ஆய்வு நிலையத்தில் 1950 களின் பிற்பகுதி தொடக்கம் ஓசோனை அளந்து வந்தனர். ஜோசப் பாமன், பிறையன் காடினர், ஜொனதன் ஷாங்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதத்தில் வெளியிட்ட அளவீடுகள் உலகைத் திடுக்கிடச் செய்தன. ஒக்ரோபர் மாதத்தில் டொப்சன் அலகில் 300 அளவில் நின்ற ஓசோன், 1984 இல் 200 அளவிற்கு இறங்கிவிட்டிருந்தது.

றோலண்டும் மொலினாவும் கூறிய வழி இதனை விளக்கப் போதவில்லை. இதுவே இக்கதையின் நுட்பமான திருப்பம். அவர்கள் கூறிய சுழற்சி தலைமையாக நடப்பது 40 கிலோமீற்றர் உயரத்தில். ஓசோன் மறைந்ததோ 12 முதல் 20 கிலோமீற்றர் வரை. மேலும், தரகன் தன் அடுத்த பேரத்திற்குப் போகத் தனி ஒட்சிசன் அணு வேண்டும். தென்முனையின் வசந்த காலத் தொடக்கத்தில் ஞாயிறு அடிவானத்தை ஒட்டியே நிற்பதால், அத்தகைய அணுக்கள் அந்த உயரத்தில் மிக அரிது. ஆகவே குளோரீன் ஒருமுறை ஓசோனைத் தாக்கியபின் ஒட்சைட்டாகவே சிறைப்பட்டிருத்தல் வேண்டும். ஞாயிற்றின் மாற்றமே காரணம் என்றோரும், காற்றோட்டமே காரணம் என்றோரும் இந்த இடைவெளியைக் காட்டித் தத்தம் கொள்கையை நிறுவ முயன்றனர்.

சிறையிற் பாதியைத் திறந்தவர் சூசன் சொலமன். முனையிரவின் கடுங்குளிரில், சுழியத்திற்குக் கீழே 78 பாகையளவில், படைமண்டலத்திலும் முகில்கள் உருவாகின்றன. அம்முகில்களின் துணிக்கைகள்மீது, குளோரீனை அடக்கிவைத்திருக்கும் சேர்வைகள் தம்முட் தாக்கமுற்று அதனை விடுவிக்கின்றன என்று அவரும் துணைவரும் 1986 இல் விளக்கினர். மற்றப் பாதி 1987 இல் வந்தது. மரியோ மொலினாவும் அவர் மனைவியாரும் இரசாயன அறிஞருமான லூயிசா மொலினாவும், குளோரீனோரொட்சைட்டு மூலக்கூறுகள் இரண்டு தம்முட் கூடி ஓர் இருபகுதியம் ஆகின்றன என்று ஆய்வுகூடத்திற் காட்டினர். அந்த இருபகுதியத்தை ஒளி உடைக்குமாயின், தனி ஒட்சிசனின் உதவியின்றியே குளோரீன் விடுபடும், சுழற்சி தொடரும்.

உடைக்குமாயின், என்பது மட்டும் போதாது. எவ்விடத்தில் உடைக்கும் என்பதே வினா. இரண்டு குளோரீன் மணிகளும் இரண்டு ஒட்சிசன் மணிகளுமாக நான்கு மணிகள் ஒரு நூலிற் கோக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நடுவே ஒட்சிசன் இரண்டும் ஒட்டியிருக்க, இரு முனையிலும் குளோரீன் இருப்பின், ஒரு முனை மணி அறுந்து விழுந்தபின் எஞ்சிய மூன்றிலிருந்து மற்றக் குளோரீனும் எளிதில் உதிரும். இரண்டு ஒட்சிசனும் கூடிய ஒட்சிசன் வாயு எஞ்சும். ஓசோனுக்கு அது பெருங்கேடு. நூல் நடுவே அறுமாயின், பழைய ஒட்சைட்டு மூலக்கூறுகள் இரண்டும் மீண்டும் தோன்றுவதன்றி வேறொன்றும் நிகழாது, ஓசோனுக்குக் கேடில்லை. குளோரீனும் ஒட்சிசனும் மாறிமாறி வரும் கோவையும் உண்டு. குளோரீன் ஒன்று மற்றக் குளோரீனுடன் ஒட்ட, அதன்மேல் இரண்டு ஒட்சிசனும் கிளைத்து நிற்கும் உருவமும் உண்டு. மூன்றின் அணுக்கணக்கும் ஒன்றே. ஒரு கண்டத்தின் மேலுள்ள ஓசோனின் விதி, நான்கு மணிகளின் வரிசையில் தங்கியிருந்தது.

இங்கேதான் கணக்கு வருகின்றது. அணுவினுள்ளே சக்தி, நீர்த்தாரை போலத் தொடர்ந்து ஓடாது சொட்டுச் சொட்டாகவே கொடுக்கவும் வாங்கவும் படுகின்றது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிறந்த கொள்கை. அதனைச் சமன்பாடாக வடித்தவர் ஷ்றோடிங்கர், ஆண்டு 1926. அடுத்த ஆண்டே ஹைற்லர், லண்டன் என்னும் இரு ஜேர்மன் அறிஞர், ஐதரசன் அணுக்கள் இரண்டு ஏன் ஒட்டி நிற்கின்றன என்பதை அச்சமன்பாட்டைக் கொண்டு காட்டினர். இரசாயனத்தின் அடிப்படை விதிகள் இனி முற்றும் அறியப்பட்டன, அவற்றாற் பிறக்கும் சமன்பாடுகளைத் தீர்க்க இயலாமையே எஞ்சிய இடர்ப்பாடு என்று 1929 இல் டிறாக் என்னும் பேரறிஞர் எழுதினார்.

அவ்விடர்ப்பாடு சிறியதன்று. ஐதரசன் மூலக்கூறில் இலத்திரன்கள் இரண்டு. குளோரீனோரொட்சைட்டின் இருபகுதியத்திலோ 50. ஒவ்வோர் இலத்திரனும் ஏனைய எல்லாவற்றையும் தள்ளுகின்றது; அத்தகைய இணைகள் 1,225. கூட்டமான சந்தையில் ஒருவன் அசைய எல்லோரும் சிறிது விலகுவதுபோல, ஒன்றின் இடம் மாற ஏனைய 49 உம் மாறுகின்றன. ஒவ்வோர் இலத்திரனும் மற்றவற்றின் சராசரியை மாத்திரம் உணர்வதாகக் கொள்வது முதற்படி. அது கணக்கை இலகுவாக்கும். ஆயினும் நுண்மையை இழப்பிக்கும். ஓசோன் மூலக்கூறே இதற்குச் சான்று. 24 இலத்திரன்களையே உடைய அச்சிறு மூலக்கூறு, சராசரிக் கணக்குக்குப் பணிய மறுத்தது; அதன் அதிர்வுகளைச் சரிவரக் கூற அறிஞர் பல்லாண்டு முயன்றும் பிழைத்தனர். இலத்திரன்களின் ஒன்றையொன்று தவிர்க்கும் அசைவை நன்கு கணிக்கும் முறையொன்று 1989 இல் உருவானபின்னரே ஓசோன் ஒருவாறு வழிக்கு வந்தது. அம்முறையிலும் ஒரு விலையுண்டு. மூலக்கூறின் அளவு இருமடங்காயின், வேலை 128 மடங்காகும்.

இக்கணக்குகளைச் சாதாரண இரசாயனவறிஞரின் கைக்கு எட்டச் செய்தவருள் முதல்வர் ஜோன் போப்பிள். இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிற் பணியாற்றிய அவரும் மாணவரும், 'கௌசியன் 70' என்னும் கணினி நிரலை 1970 இல் வெளியிட்டனர். அந்நிரலை ஆக்கியோருள் ஒருவர் வொரன் ஹெரி. பதினெட்டு ஆண்டுகளின் பின்னர், 1988 இல், அந்த ஹெரியும் குளோரீன் கொள்கையின் தந்தையான றோலண்டும், மக்கிராத், கிளெமிற்சோ என்போருடன் கூடி, இருபகுதியத்தின் மூன்று உருவங்களையும் கணித்து ஆராய்ந்தனர். காற்றை அளந்து வாழ்ந்த றோலண்ட், காற்றையே தொடாத கணக்கை நாடிய நிகழ்ச்சி இது. இரண்டு ஒட்சிசனும் நடுவிலுள்ள உருவம் நிலைபேறுடையதென்றும், கிளைத்த உருவம் சக்தியில் அதற்கு மிக அணித்தென்றும், மாறிமாறி வருவது அவற்றினும் தெளிவாக உயர்ந்த சக்தியுடையதென்றும் அவர்களது ஆய்வு காட்டியது.

கணக்கு கூறியதை மறு ஆண்டே காண்டலும் ஒப்புக்கொண்டது. கலிபோர்ணியாவிலுள்ள ஜெற் உந்து ஆய்வுகூடத்தார், இருபகுதியம் சுழலும்போது உறிஞ்சும் நுண்ணலைகளை 1989 இல் அளந்தனர். ஒட்சிசன்கள் நடுவிலே, குளோரீன்கள் இரு முனையிலே, முழுவதும் ஒரு தளத்தில் அடங்காது, திறந்த புத்தகத்தின் இரு பக்கங்கள்போல 81 பாகை முறுக்கிய உருவம்.

இதற்கிடையில் வானத்திலும் சான்று கிடைத்திருந்தது. 1987 இல், சில்லி நாட்டின் புந்தா அரேனாஸிலிருந்து ஒரேயொரு விமானியுடன் புறப்பட்ட ஈ.ஆர்.-2 என்னும் விமானம், 18 கிலோமீற்றர் உயரத்தில் தென்முனைச் சுழலினுள்ளே புகுந்தது. அதிற் பூட்டிய கருவி ஜேம்ஸ் அண்டர்சனுடையது. ஓகஸ்ட் 23 இல் குளோரீனோரொட்சைட்டு மிகுந்திருந்தும் ஓசோன் இன்னும் பெரிதும் குறையவில்லை. செப்ரெம்பர் 16 இலோ, ஒட்சைட்டு ஏறிய அதே இடத்தில் ஓசோன் சரிந்து, இரு கோடுகளும் கண்ணாடியில் எதிரொளித்தவைபோல வரைபடத்தில் அமைந்தன. அதே செப்ரெம்பர் 16 ஆம் நாளில், மொன்றியல் நகரில் நாடுகளின் தூதுவர்கள் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தனர். விமானத்தின் பதிவு அவர்களுக்குத் தெரியாது. முழுச் சான்று வருமுன்னரே துணிந்து ஒப்பமிட்டனர் என்பது அரசியல் வரலாற்றில் அரிதாக நிகழ்வது. சான்று வந்தபின் 1990 இல் இலண்டனிலும் 1992 இல் கொப்பன்ஹேகனிலும் அவ்வுடன்படிக்கை மேலும் இறுக்கப்பட்டது.

றோலண்ட், மொலினா, நைதரசன் ஒட்சைட்டுக்களின் பங்கை முன்னரே காட்டிய போல் குறூற்சன் ஆகிய மூவருக்கும் 1995 இல் நோபல் பரிசு கிடைத்தது. போப்பிளுக்கு, வால்ற்றர் கோனுடன், 1998 இல். கதை அங்கே முடிந்ததென்று பலர் எண்ணினர். 2007 இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தோர் ஓசோனை மறுப்பவரல்லர். அதே ஜெற் உந்து ஆய்வுகூடத்தார். அவர்களுட் சிலர் 1989 இல் அம்மூலக்கூறின் உருவத்தை அளந்தவருமாவர். இருபகுதியம் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றது என்பதைப் புதிதாக அளந்த அவர்கள், முனைப்பகுதியின் நிலையில் அது உடையும் வேகம், அதுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவின் ஆறிலொரு பங்கே என்று கண்டனர். அது உண்மையாயின், ஓசோன் அழிந்ததில் பெரும்பகுதிக்குக் காரணம் இல்லாதொழியும். இருபது ஆண்டு விளக்கம் ஆட்டங்கண்டது.

கணக்கறிஞர் மீண்டும் அழைக்கப்பட்டனர். விடுபட்ட அழிவைக் கிளைத்த உருவம் நிரப்புமோ என்ற ஐயம் எழுந்தது. 2008 இல் வெளிவந்த மிக உயர்ந்த தரக் கணக்கொன்று, உண்மையில் அந்தக் கிளைத்த உருவமே மூன்றிலும் சக்தி குறைந்தது என்று கூறி வியப்பளித்தது. ஆனால் சக்தி குறைந்தது எதுவோ அதுவே பிறக்கும் என்னும் விதியில்லை. பள்ளத்தாக்கு எவ்வளவு தாழ்ந்திருப்பினும், இடையே உயர்ந்த மலையிருப்பின் நீர் அங்கே செல்லாது. இரண்டு ஒட்சைட்டுக்கள் ஒட்சிசன் முகமாகச் சந்திக்கும்போது தடையின்றிப் பிறப்பது நடு ஒட்சிசன் உருவமே. இக்கணக்குகளில் ஒரு மோலுக்கு ஒரு கிலோகலோரி தவறினும், அந்தாட்டிக்காவின் குளிரில் சமநிலைக் கணக்கு ஏறக்குறைய 14 மடங்கு பிழைக்கும் என்பதை நினைவிற் கொண்டால், எத்துணை அவதானத்துடன் அவ்வறிஞர் பேசவேண்டியிருந்தது என்பது விளங்கும்.

முடிவை அறிவித்தது தாய்வான். தைபே நகரின் சினிக்கா கலைக்கழகத்தார் 2009 மே மாதத்தில் வெளியிட்ட பரிசோதனை, பிழை எங்கே நுழைந்தது என்பதைக் காட்டியது. கண்ணாடிக் கலத்திலே இருபகுதியத்தை ஆக்கும்போது குளோரீன் வாயுவும் கூடவே இருக்கும். அதுவும் அதே நிற ஒளியை உறிஞ்சும். அதன் பங்கைக் கழிக்கும்போது சிறிது மிகுதியாகக் கழிப்பின், இருபகுதியத்தின் பங்கு பெரிதும் குறைந்துபோகும். தாய்வான் அறிஞரோ ஒளி எவ்வளவு மறைந்தது என்று பாராது, மூலக்கூறு எவ்வளவு மறைந்தது என்று பார்த்தனர். கற்றையாக விட்ட மூலக்கூறுகளை 308, 351 நனோமீற்றர் லேசர் ஒளியால் தாக்கி, எஞ்சிய இருபகுதியத்தை அதன் திணிவைக் கொண்டே எண்ணினர். குளோரீன் வாயு வேறு திணிவுடையது; ஆதலின் குழப்பமில்லை. பழைய விளக்கத்துக்குப் போதுமான வேகத்தில் இருபகுதியம் உடைவது உறுதியாயிற்று.

இந்தக் கலை பழையதைத் துருவுவதோடு நிற்கவில்லை. குளோரோபுளோரோகாபனுக்கு மாற்றாக வந்த ஐதரோபுளோரோகாபன்கள் சிதையும்போது பிறக்கும் புளோரீன் கொண்ட மூலிகங்களும் ஓசோனைத் தாக்குமோ என்ற அச்சம் 1990 களின் தொடக்கத்தில் எழுந்தது. கணக்கும் பரிசோதனையும் ஒருங்கே முடுக்கப்பட்டன; அவற்றாற் குறிப்பிடத்தக்க கேடில்லை என்று 1994 இல் தெளிவாயிற்று. ஒரு பொருளை உலகெங்கும் பரப்பியபின் அதன் கேட்டை அறிந்த மிட்ஜ்லியின் காலத்திற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை கருதத்தக்கது. அவ்வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் என்பது வேறு வழக்கு. அதன்பொருட்டு 2016 இல் கிகாலி நகரில் மொன்றியல் உடன்படிக்கையே திருத்தப்பட்டது.

தடுக்கப்பட்ட வாயுக்களுள் ஒன்றாகிய சீ.எவ்.சீ.-11 எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்று 2018 இல் அளவீடுகள் காட்டின. எங்கோ ஒளிவில் அது மீண்டும் ஆக்கப்படுவதாக அறிஞர் துணிந்தனர். மிகுதியின் பெரும்பங்கு சீனாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வருவதாக 2019 இல் கண்டனர். அதன்பின் அது தணிந்தது. வெளியே விடப்பட்ட அந்த வாயு காற்றில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு தங்குவது. 2022 ஆம் ஆண்டின் உலக மதிப்பீட்டின்படி, தற்போதைய கொள்கைகள் தொடருமாயின், அந்தாட்டிக்காவின் மேலுள்ள ஓசோன் 1980 இன் நிலையை அடைவது 2066 ஆம் ஆண்டளவில். அதுவரை, ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாத இறுதியில் ஞாயிறு தென்முனை நோக்கித் திரும்பும்போது, அந்த முறுக்கிய நான்கணு மூலக்கூறு ஒட்சிசனை நடுவில் வைத்தபடி உருவாகி, மெல்லிய காலையொளியில் உடைந்துகொண்டிருக்கும்.